நான் இல்லாமல் நடந்த நேர்காணல்

1

போன வாரம் அண்ணன் ஊரிலிருந்து கூப்பிட்டான். சௌக்கியமா, சாப்பிட்டாயா என்று கேட்கிற பழக்கமெல்லாம் அவனுக்கு இல்லை.

"தாமு, வர்ற செவ்வாக்கெழம சாட்டிம்பு. ஊருக்கு வர்ற மாதிரி இருந்தா அதுக்கு முன்னால வந்துட்டுப் போயிடு. இல்லன்னா ஜாத்திரை முடிஞ்சப்பறம் வா. போன வருசம் மாதிரி நடுவுல வந்து மாட்டிக்கினு எங்க உசுர வாங்காத."

"இந்த வருசம் வரலண்ணா."

"அப்பாடா," என்றான். மனதாரத்தான் சொன்னான். பின்னால் மாங்காய் ஏற்ற வந்த வண்டிக்காரன் யாரையோ திட்டுவது கேட்டது. அண்ணன் அவனைப் பதிலுக்குத் திட்டப் போனவன், அப்படியே போனை வைத்துவிட்டான். என்னைவிட ஒன்றரை வயதுதான் மூத்தவன். அவன் பெயர் முனிரத்தினம். அவனை 'அவர்' என்று எழுதினால் படித்துவிட்டுச் சிரிப்பான், அதனால் எழுதவில்லை.

நான் லிலோங்வேயில் என் வீட்டு வாசலில் ஸ்வெட்டரோடு நின்றிருந்தேன். சித்தூர் மாவட்டம் கொதிக்கிற மே மாதத்தில் ஆப்பிரிக்காவின் இந்த மலாவி நாட்டில் குளிர் தொடங்கும். மகள் பிறந்து வளர்ந்து காலேஜ் போகுமளவுக்கு இங்கே இருந்துவிட்டேன், இந்தத் தலைகீழ்க் கணக்கு மட்டும் இன்னும் பழகவில்லை.

சாட்டிம்பு என்றால் சித்தூர், திருப்பதிப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கங்கம்மா ஜாத்திரைக்கு ஒரு வாரம் முன்னால் ஊரைச் சுற்றி மேளம் அடித்துச் சாற்றுவார்கள். அன்று இரவு ஊர் எல்லைக்குள் சாப்பிட்டுப் படுத்தவர்கள், ஜாத்திரை முடியும்வரை வெளியூரில் இரவு தங்கக்கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். விளக்கு வைப்பதற்குள் எல்லைக்குள் திரும்பிவிட வேண்டும். சில ஊர்களில் இப்போது இதையெல்லாம் பார்ப்பதில்லை. எங்கள் ஊரில் பார்க்கிறார்கள். போன வருடம் அதில் நான் மாட்டினேன். அந்தக் கதையை எழுதச் சொல்லி அண்ணன் போன் செய்யவில்லைதான், ஆனால் போனை வைத்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2

எங்கள் ஊர் கார்வேட்டிநகரத்துக்கும் வெதுருகுப்பத்துக்கும் நடுவில், மாந்தோப்புகளுக்குள் இருக்கிறது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. தமிழ் எழுத்தை நான் கற்றுக்கொண்டது திருத்தணி பஸ்களின் பெயர்ப்பலகையிலும் சினிமா போஸ்டர்களிலும். இதில் பிழை இருந்தால் பஸ்காரர்களைக் கேளுங்கள்.

திருப்பதியில் பி.காம். படித்து, சென்னையில் ஆடிட்டராகி, ஒரு சர்க்கரை வியாபாரக் கம்பெனியின் கணக்கைப் பார்க்க மலாவிக்கு வந்தேன். இரண்டு வருடம் என்று சொல்லித்தான் வந்தேன். எல்லோரும் அப்படித்தான் சொல்லிவிட்டு வருகிறோம். மனைவிக்கு இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது, மகள் பிறந்தாள், அவ்வளவுதான். லிலோங்வேயில் பேட்டைகளுக்கு எண்தான் பெயர். ஏரியா மூன்று, ஏரியா பத்து, ஏரியா நாற்பத்தேழு. அந்த எண்களாவது வரிசையாக இருக்குமா என்றால் அதுவும் கிடையாது. ஒரு கணக்குக்காரனை இதைவிட மோசமாக அவமானப்படுத்த முடியாது என்று வந்த புதிதில் நினைத்தேன். சாப்பாட்டில் மட்டும் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. மக்காச்சோள மாவில் கிண்டுகிற ந்சீமா, எங்கள் ஊர் ராகிச் சங்கட்டிக்கு, அதாவது களிக்கு, வெள்ளைத் தம்பி.

சர்க்கரையை விட்டுவிட்டு நான் போய்ச் சேர்ந்த வேலையைத்தான் ஊரில் யாருக்கும் விளக்க முடியவில்லை. இப்போது முயல்கிறேன். இந்த நாட்டின் தெற்கே ஷீரே என்று ஓர் ஆறு. புயல் மழை வந்தால் அதன் கீழ்ப் பள்ளத்தாக்கில் ஊர் ஊராக முழுகும். பூமி சூடாகிப்போனதில் இந்த மக்களின் பங்கு என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, முழுகுவது மட்டும் இவர்கள். இதற்கென்று பணக்கார நாடுகள் ஒதுக்குகிற நிதி இருக்கிறது. ஆனால் அது நேராக வராது. பெரிய வெளிநாட்டு அமைப்புகளின் கை மாறி மாறி வரும். ஒவ்வொரு கையும் தன் அலுவலகம், தன் ஜீப், தன் நிபுணர் என்று எடுத்துக்கொண்டது போக மிச்சம் இங்கே வந்து சேரும். ஏரிப் பாசனம் தெரிந்தவர்களுக்குச் சொன்னால் உடனே புரியும். இது கடைமடை நாடு. தண்ணீர் வரும், நாற்று காய்ந்த பிறகு.

நாட்டுக்குச் சொந்தமான ஒரு நிறுவனம் இருந்து, பணத்தை வாங்கவும் செலவழிக்கவும் கணக்குக் காட்டவும், யார் போன் செய்தாலும் விதிப்படி நடக்கவும் தனக்குத் தெரியும் என்று நிரூபித்தால், நிதி நேராக அதன் கைக்கே வரும். அப்படி ஒன்றை இங்கே உருவாக்கினார்கள். ஆலோசகனாக என்னை வைத்தார்கள். கொள்முதல் விதி, தணிக்கை விதி, புகார் விதி எல்லாம் நான் எழுதியவை. இயக்குநர் தொகோசானி என்கிற அம்மையார். வயதில் என்னைவிடச் சின்னவர், அளந்துதான் பேசுவார். அந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவர். அவருடைய அம்மா இன்றும் அங்கேதான் இருக்கிறார்.

பல வருட உழைப்புக்குப் பிறகு, நிதியைக் கொடுக்கிற அமைப்பிலிருந்து மதிப்பீட்டாளர்கள் லிலோங்வேக்கு நேரில் வந்து கேள்வி கேட்பது என்று முடிவானது. தேறினால் நேராகப் பணம் வாங்க அனுமதி. தவறினால் மறுபடி முதலிலிருந்து, இன்னும் எத்தனை மழைக்காலமோ கடைமடையில் நிற்க வேண்டும். தொகோசானியின் பக்கத்தில் உட்கார்ந்து நான் பதில் சொல்வதாக ஏற்பாடு. எப்போதும் அப்படித்தான். கூட்டத்தில் கஷ்டமான கேள்வி வந்தால் மேசையைச் சுற்றியிருக்கிற அத்தனை தலையும் என் பக்கம் திரும்பும். எனக்கு அது பெருமையாகவும் இருந்தது, சுமையாகவும் இருந்தது. நான் ஒருநாள் காய்ச்சலில் படுத்தால் என்ன ஆகும் என்று நினைத்துத் தூக்கம் கெட்டதுண்டு.

நேர்காணல் வெள்ளிக்கிழமை. அதே வாரம் திங்கட்கிழமை நான் எங்கள் ஊரில் இருந்தேன்.

3

வேண்டுமென்று போகவில்லை. நிலத்தை மறுபடி அளந்து புதுப் பாஸ்புக் கொடுக்கிறார்கள், கூட்டுப் பட்டா என்பதால் அண்ணன் தம்பி இருவரும் நேரில் வந்து கைரேகை வைக்க வேண்டும், கடைசித் தேதி நெருங்கிவிட்டது. செவ்வாய் காலை கைரேகை, மத்தியானமே சென்னைக்குக் கிளம்பி மறுநாள் மாலை விமானம், வியாழன் லிலோங்வே. என் கணக்கு அது.

மண்டல ஆபீசில் (தமிழ்நாட்டில் தாலுகா ஆபீஸ்) கைரேகைக் கருவி என் விரலை ஏற்கவில்லை. துடைத்து வைத்தேன், எச்சில் தொட்டு வைத்தேன், அண்ணி கொடுத்தனுப்பிய தேங்காயெண்ணெய் தடவி வைத்தேன். அதே கருவியில் அண்ணனின் விரல், மாங்காய்ப் பால் பட்டுக் கறுத்த விரல், முதல் அழுத்தலில் பதிந்தது. ஆபீஸ்காரர் பொறுமையான மனிதர். "சார், மீ வேலு படட்லேது. ரேப்பு ரண்டி," என்றார். உங்கள் விரல் விழவில்லை, நாளைக்கு வாருங்கள். விமானம் மறுநாள் மாலைதானே, காலையில் வைத்துவிட்டு நேராகச் சென்னைக்குப் போய்விடலாம் என்று அன்றைக்கும் ஊரிலேயே தங்கினேன். அண்ணி செய்த சங்கட்டியும் கோழிக்குழம்பும் தின்றுவிட்டு, பயணக் களைப்பில் விழுந்ததுதான் தெரியும்.

புதன் காலை விரல் உடனே பதிந்துவிட்டது. சந்தோஷமாக வீட்டுக்கு வந்தால், என் பெட்டிமேல் அண்ணன் உட்கார்ந்திருந்தான்.

"பெட்டிய எடுக்காதடா. ராத்திரி சாட்டிம்பு ஆயிடுச்சி."

"எப்ப? எனக்குக் கேக்கலயே?"

"எப்டிக் கேக்கும்? நீ கொறட்ட வுட்டுக்கினு இருந்த."

"அடுத்த வாரம்னு தானே சொன்ன?"

"மாங்கா வெட்டுற ஆளுங்க வந்துட்டாங்க, வெட்டு ஆரம்பிக்கறதுக்குள்ள முடிச்சிடணும்னு ஒரு வாரம் முன்னாடியே வச்சிட்டாங்க. நீ தான் நேத்தே கெளம்புறவனாச்சே, உனுக்கு எதுக்கு சொல்லணும்னு வுட்டுட்டேன். ராத்திரி சொல்லலாம்னு வந்தா நீ துன்னுட்டு வுயுந்துட்ட."

புத்தூரிலிருந்து நான் வரச்சொன்ன கார் வாசலில் நின்று ஆரன் அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு வந்த கோபத்தில் வாயில் வெறும் தெலுங்காக வந்தது. எனக்குக் கோபம் தெலுங்கில்தான் வரும், பள்ளிக்கூடப் பழக்கம். லிலோங்வேயில் இதனால் ஒரு லாபம் உண்டு, நான் என்ன திட்டினேன் என்று யாருக்கும் தெரியாது. இங்கே எல்லோருக்கும் தெரிந்தது.

"கமிட்டி கிட்ட பேசறேன்," என்றேன்.

"பேசு. நானும் கமிட்டில தான் கீறேன்," என்றான் அண்ணன்.

4

ஜாத்திரைக் கமிட்டி கங்கம்மா கோயில் முன்னால் கூடியது. கார்காரனை ஐநூறு ரூபாய் கொடுத்துக் காத்திருக்க வைத்திருந்தேன். வாதாடி ஜெயித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். வெளிநாட்டு மதிப்பீட்டாளர்களுக்கே விதிகளை விளக்குகிறவன் இல்லையா நான்.

கமிட்டித் தலைவர் கோபால் மாமா. ரேஷன் கடை நடத்தியவர், குரலை உயர்த்திப் பேசி நான் பார்த்ததில்லை.

"தாமு, ராத்திரி எங்க துன்ன?"

"வீட்ல மாமா."

"எங்க படுத்த?"

"வீட்ல தான்."

"அப்பறம் இன்னா?"

நான் ஆரம்பித்தேன். தூங்குகிறவன் காதில் விழாத அறிவிப்பு எப்படி அவனைக் கட்டும் என்றேன். ஒரு நாட்டின் வெள்ள நிவாரணமே என் கையில் இருக்கிறது என்றேன். ஆயிரக்கணக்கான சனங்கள் என்றேன். ஆப்பிரிக்கா என்றேன். எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். ஒரு பெரியவர் "பாவம்" என்றுகூடச் சொன்னார். மாமாவின் முகம் இளகுவதைப் பார்த்து நம்பிக்கை வந்தது.

அப்போது ஓரமாக நின்றிருந்த பார்வதி என்கிற பெண் பேசினாள். ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். தோளில் பையோடு வேலைக்குக் கிளம்பி வந்தவள்.

"எனுக்குப் போன வருசம் நைட் ஷிப்ட். எவ்ளோ கெஞ்சினேன்? ஒத்துக்கினீங்களா? சூப்பர்வைசர் கால்ல வுயுந்து டே ஷிப்ட் மாத்திக்கினு, ஒரு வாரம் போறதும் வர்றதுமா செத்தேன். இப்ப அங்கிளுக்கு மட்டும் வேற ரூலா?"

 நான் அவளை முறைத்தேன். அவள் கொஞ்சமும் அசரவில்லை.

அண்ணன்தான் வாயைத் திறந்தான். தம்பிக்காக ஒரு வார்த்தை சொல்வான் என்று பார்த்தேன். "இவனுக்கு வுட்டா, நாளைக்கு யாரையுமே நில்லுன்னு சொல்ல முடியாது மாமா. அதோட சாட்டிம்பையே வுட்டுட வேண்டியது தான்."

"அந்தே கதா," என்றார் மாமா. அவ்வளவுதானே என்று அர்த்தம். கோபால் மாமா தெலுங்கில் முடித்துவிட்டால் கூட்டம் கலையலாம். கலைந்தது. கார் காலியாகப் புத்தூருக்குத் திரும்பிப்போனது.

மீறிவிட்டுப் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். என் மகளும் அதைத்தான் கேட்டாள். அவள் அந்த ஜனவரியில்தான் கேப்டவுனில் காலேஜ் சேர்ந்திருந்தாள். "அப்பா, யாரு உங்கள நிறுத்துறாங்க? போலீஸா? சும்மா போங்கப்பா," என்றாள். அவளுக்கு நான் என்ன சொல்வது? யாரும் நிறுத்தவில்லை. நான் போனால் ஊரில் ஒருவரும் என்னைத் தடுக்கப்போவதில்லை. அண்ணன் கமிட்டியிலிருந்து விலகுவான், பார்வதி அடுத்த வருடம் நைட் ஷிப்ட் போவாள், அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவுதான்' எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். என் மகளுக்குத் தெரியாது. அவள் எந்த ஊர் எல்லைக்குள்ளும் வளரவில்லை. அதை நினைத்து அன்றைக்கு எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை, ஒரு மாதிரி பயம் வந்தது.

5

தொகோசானிக்கு போன் செய்தேன். மலாவியில் எந்தப் பேச்சையும் நேராகத் தொடங்கக்கூடாது. எப்படி இருக்கிறீர்கள், நன்றாக இருக்கிறேன், நீங்கள் எப்படி என்று முழுச் சுற்றும் முடிய வேண்டும். முடித்துவிட்டு, தயங்கித் தயங்கி, மேளம், அம்மன், எல்லை என்று சொன்னேன். ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல எனக்கே பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது.



"நீங்கள் படுத்த பிறகு அடித்தார்களா, முன்னாலா?" என்று கேட்டார் தொகோசானி.

"பிறகு."

"அப்படியானால் நீங்கள் வரக்கூடாது," என்றார். "எங்கள் ஊரில் ஒரு சாவு விழுந்தால், அடக்கம் முடியும்வரை யாரும் வயலுக்குப் போகமாட்டோம். மந்திரி அழைத்தாலும் போகமாட்டோம். போகிறவன் வீட்டுச் சாவுக்கு நாளைக்கு யாரும் வரமாட்டார்கள்."

என் சொந்த மகளுக்கு விளக்க முடியாதது ஒரே நிமிஷத்தில் இவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் போனை வைப்பதற்கு முன் அவர் குரல் இறங்கியது. "தாமு, கேள்விக்கெல்லாம் நாங்கள்தான் பதில் சொல்ல வேண்டுமா?"

"போனில் இருப்பேன்," என்றேன். "மேசைமேல் ஸ்பீக்கரில் வையுங்கள். கஷ்டமான கேள்வி எல்லாவற்றையும் என்னிடம் தள்ளிவிடுங்கள்."

தேதியை மாற்ற முடியாது என்று மதிப்பீட்டாளர்கள் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். நேரம் அங்கே மத்தியானம் மூன்று மணி. எங்கள் ஊரில் சரியாக விளக்கு வைக்கிற நேரம். திருப்பதியில் ஓட்டல் அறை எடுத்து, நல்ல இணைப்பில் பேசிவிட்டு வரலாம் என்றால் நேரத்துக்குள் திரும்ப முடியாது. வீட்டுக்கு வந்துகொண்டிருந்த கேபிள்கார இணையம், அதற்கு முந்தின வாரக் காற்றில் கம்பம் சாய்ந்ததோடு போயிருந்தது. செல்போன் சிக்னலோ, ஊரில் எங்கேயும் ஒழுங்காகக் கிடையாது. எல்லைக்கல் தாண்டி ரோடு வளைகிற இடத்தில்தான் முழுசாக எடுக்கும். எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் அரைகுறை.

6

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அண்ணனும் நானும் எல்லைக்கல்லுக்குப் போனோம். கல்லுக்கு மஞ்சள் பூசி வேப்பிலை கட்டியிருந்தார்கள். எங்கள் தோப்பின் டிராக்டர் டிரெய்லரைக் கல்லுக்கு இந்தப் பக்கம் ஓரமாக நிறுத்தி, அதில் ஏறி உட்கார்ந்தேன். மடியில் என் விதிகள் எல்லாம் இருந்த லேப்டாப். அண்ணன் காவலுக்கா துணைக்கா என்று தெரியவில்லை, கீழே நின்றான்.

இணைப்பு கிடைத்தது. வழக்கம்போல ஒருவர் பிரார்த்தனை சொல்லித் தொடங்கினார். மதிப்பீட்டாளர்கள் மூன்று பேர், குரல்கள் தெளிவாகக் கேட்டன. "ஆலோசகர் லைனில் இருக்கிறாரா?" என்றார் ஒருவர். "இருக்கிறேன்," என்றேன். "தாமு? தாமு, கேட்கிறதா?" என்றார் தொகோசானி. "கேட்கிறது, கேட்கிறது!" என்று கத்தினேன். அவர்களுக்குக் கேட்கவில்லை. என் குரல் அந்த அரைகுறை சிக்னலில் போகவே இல்லை. "சரி, ஆரம்பிப்போம்," என்றார்கள்.

முதலில் சின்னக் கேள்விகள். தணிக்கை எப்படி, புகார் வந்தால் யார் கேட்பார்கள். அவர்கள் பதில் சொன்னார்கள், கொஞ்சம் தட்டுத் தடுமாறி. நான் டிரெய்லரில் உட்கார்ந்து ஒவ்வொரு பதிலையும் திருத்திக்கொண்டிருந்தேன். "பக்க நம்பர சொல்லு, பக்க நம்பர சொல்லு!" என்று நான் கத்துவதைப் பார்த்து, மாடு ஓட்டிக்கொண்டு போன ஒருவர் நின்று வேடிக்கை பார்த்தார்.

பிறகு ஒரு பெண் குரல் கேட்டது. "உங்கள் விதிகள் எல்லாவற்றையும் ஒரே ஆள் எழுதியிருக்கிறார். அவர் இன்று இந்த அறையில் இல்லை. நாளைக்கும் இல்லாமல் போகலாம். அப்போது இந்த விதிகளை உங்களில் யார் மாற்றுவார்கள்? மாற்றக்கூடாதபோது மாற்றமாட்டேன் என்று யார் சொல்வார்கள்?"

அங்கே நாற்காலிகள் நகர்கிற சத்தம் கேட்டது. எனக்கு அந்த அறை அப்படியே தெரிந்தது. எல்லாத் தலையும் என் காலி நாற்காலியின் பக்கம் திரும்பியிருக்கும். இந்தக் கேள்விக்குத்தான் இத்தனை வருடமாக நான் பயந்தேன். பதில் என்னிடம் இருந்தது, நான் எழுதிவைத்த பதில், அழகான பதில். சொல்லத்தான் வழியில்லை.

டிரெய்லரிலிருந்து குதித்தேன். "அண்ணா, கொஞ்சம் அந்தாண்ட போனாப் போதும். அந்தத் திருப்பம் வரைக்கும் தான். போய்ட்டு உடனே வந்துடறேன். தங்கப் போறது இல்லியே."

அண்ணன் கல்லைப் பார்த்தான். இருட்டத் தொடங்கியிருந்தது, ஊருக்குள் விளக்கெல்லாம் எரிந்தாயிற்று. என் முகத்தைப் பார்த்தான். அப்புறம் மெதுவாக முதுகைத் திருப்பிக்கொண்டு தோப்பைப் பார்த்து நின்றான்.

"நான் மாங்காயப் பாத்துக்கினு கீறேன்," என்றான்.

கல்லின் பக்கத்துக்குப் போய்விட்டேன். காதில் போன். கால் எடுத்துவைக்க வேண்டியதுதான் பாக்கி. அப்போது தொகோசானி தொண்டையைச் செருமிவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

"போன ஜனவரியில் பள்ளத்தாக்கில் வெள்ளம் வந்தது. முன்னோட்டமாக எங்களுக்குக் கொடுத்த சிறு நிதி கையில் இருந்தது. படகு வேண்டும். கிடைத்தவனிடம் உடனே எடு என்று மேலே இருந்து போன். எங்கள் கொள்முதல் அதிகாரி, இதோ உட்கார்ந்திருக்கிறார், முடியாது என்றார். விலை கேட்டு ஒப்பிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்பது விதி. வெள்ளத்துக்கு என்று அதில் விலக்கு எதுவும் இல்லை. என் அம்மா அப்போது கூரைமேல் இருந்தாள். நான் அவரைத் திட்டினேன், அழுதேன். விதி தப்பு என்றால் குழுவைக் கூட்டி மாற்றுங்கள், எனக்கு போனில் சொல்லாதீர்கள் என்றார். அன்றைக்கே கூட்டினோம். அவசர காலத்துக்குத் தனி விதி எழுதினோம். யார் எடுக்கலாம், எதுவரை எடுக்கலாம், பிறகு எப்படித் தணிக்கை, எல்லாம். மறுநாள் படகு போனது."

தொகோசானி தொடர்ந்தார்.

"அதை எழுதும்போது எங்கள் ஆலோசகர் மகளைக் காலேஜில் சேர்க்கப் போயிருந்தார். அவரைக் கேட்க வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. அவருக்கு இன்னும் தெரியாது என்று நினைக்கிறேன். தாமு, லைனில் இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்."

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண் குரலும் சிரித்தது. "அவர் எங்கே போயிருக்கிறார் என்று தெரிந்துகொள்ளலாமா?" என்று கேட்டது. "ஊரில் இருக்கிறார். அங்கே ஒரு விதி அவரை வெளியே விடவில்லை. நாங்களும் மீறிவிட்டு வாருங்கள் என்று சொல்லவில்லை," என்றார் தொகோசானி.

நான் கல்லுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன். முதலில் சுருக்கென்றது. எனக்குத் தெரியாமல், என்னைக் கேட்காமல், என் விதியில் கைவைத்திருக்கிறார்கள்! அந்தக் கோபம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. அது போன இடத்தில் வந்தது நிம்மதி. வருடக்கணக்காகத் தலையில் வைத்திருந்த மூட்டையை யாரோ பின்னாலிருந்து இறக்கிவைத்த மாதிரி. இவர்களுக்கு நான் வேண்டாம். நான் காய்ச்சலில் படுக்கலாம், ஊருக்குப் போகலாம், செத்தும் போகலாம், இது நடக்கும். டிரெய்லரின் ஓரத்தில் உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

அண்ணன் திரும்பவில்லை. தோப்பைப் பார்த்தபடியே கேட்டான். "இன்னா, தாண்டிட்டியா?"

"இல்லண்ணா."

"ஏன்?"

"தேவப்படல. அந்தம்மாவே சொல்லிட்டாங்க."

"நெசமா?"

"நெசமா."

அப்போதுதான் திரும்பினான். "நல்ல வேள. நீ தாண்டியிருந்தா நான் பாக்கலன்னு தான் இருந்திருப்பேன். ஆனா பார்வதி வந்து கேட்டா பொய் சொல்லியிருக்க மாட்டேன்டா," என்றான்.

ஜாத்திரை முடியும்வரை ஊரில்தான் இருந்தேன். கூழ் ஊற்றினேன், வெயிலில் மாங்காய் எண்ணினேன், பார்வதியின் அப்பாவோடு சீட்டு ஆடித் தோற்றேன். அவ்வளவு நாள் சேர்ந்தாற்போல ஊரில் இருந்து பல வருடமாகியிருந்தது. லிலோங்வேயிலிருந்து ஒருவரும் என்னைக் கூப்பிடவில்லை. முதலில் தினமும் போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன், பிறகு பார்க்கவில்லை.

7

அனுமதி கிடைத்தது. சில மாதம் கழித்துச் சொன்னார்கள். அதைத் தொடர்ந்து, ஆலோசகர் பதவி இனித் தேவையில்லை என்று நிறுவனத்தின் குழு முடிவு செய்தது. அந்தத் தீர்மானத்தை நான் இல்லாத கூட்டத்தில்தான் போட்டார்கள், விதிப்படி அப்படித்தான் போட வேண்டும். ந்சீமாவும் ஏரி மீனும் வைத்து, பிரார்த்தனை சொல்லி, எனக்கு வழியனுப்பு விழா நடத்தினார்கள். இப்போது மனைவி வேலை செய்கிற பள்ளிக்கூடத்தின் கணக்கைப் பார்க்கிறேன். சம்பளம் குறைவு. மனைவி மட்டும், நான் தூக்கத்தில் பல்லைக் கடிப்பது நின்றுவிட்டது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

மகள் மாதம் ஒருமுறை பேசுகிறாள். தமிழ் குறைந்துகொண்டே வருகிறது. போன முறை பேசும்போது, விடுதியில் ஒரு விதியை எல்லோருக்குமாக மாற்றச் சொல்லிச் சண்டை போட்டதாகச் சொன்னாள். தனக்கு மட்டும் விலக்குக் கொடுப்பதாகச் சொன்னார்களாம், வேண்டாம் என்றாளாம். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவள் எந்த ஊர் எல்லைக்குள்ளும் வளரவில்லை என்று நான் பயந்ததை மட்டும் கொஞ்சம் வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

இந்தப் பிப்ரவரியில் தெற்கே பெரிய மழை. செய்தி பார்த்ததும் பழக்கதோஷத்தில் அலுவலகத்துக்கு போன் செய்தேன். எடுத்தது புதுப் பெண். யார் பேசுகிறீர்கள் என்று கேட்டாள். பெயரைச் சொன்னேன். எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். அம்மையார் பள்ளத்தாக்கில் இருக்கிறார், வந்ததும் சொல்கிறேன் என்று மரியாதையாக வைத்துவிட்டாள். என் விதிகள் அத்தனையும் அவள் மேசைக்குப் பின்னால் அலமாரியில்தான் இருக்கும்.

அன்று மாலையே தொகோசானி கூப்பிட்டார். பின்னால் குழந்தைகளின் கூச்சலும் பாத்திரச் சத்தமும் கேட்டன. எப்படி இருக்கிறீர்கள் சுற்று முடிந்ததும் சொன்னார். "பணம் மாவட்டத்துக்கு மழைக்கு முன்னாலேயே போய்விட்டது. தண்ணீர் ஏறுவதற்கு முந்தின நாளே எல்லோரையும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்துவிட்டோம். வீடுகள் போய்விட்டன. எங்கள் ஊரில் ஓர் உயிர்கூடப் போகவில்லை."

அம்மா எங்கே, எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"அம்மா இங்கேதான் இருக்கிறாள். முகாம் சாப்பாட்டைப் பற்றி யாரிடமாவது புகார் சொல்லியே ஆகவேண்டுமாம். என்னால் முடியவில்லை தாமு, நீங்கள் பேசுங்கள்," என்று போனை அவரிடம் கொடுத்துவிட்டார்.

அந்த அம்மாவை நான் பார்த்ததுகூட இல்லை. அவர் பேசிய சிச்சேவா மொழி எனக்குப் பாதிதான் புரிந்தது. ந்சீமா தண்ணீராக இருக்கிறது. பீன்ஸில் உப்பில்லை. பக்கத்துப் பாயில் படுத்திருக்கிற கிழவி திருடி. இதையெல்லாம் கவனிக்க ஓர் ஆபீஸ், அதற்கு என் மகள் ஒரு தலைவி! நான் "பெபானி, அம்மா, பெபானி," மன்னியுங்கள், மன்னியுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். திட்டத் திட்ட எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் திட்டட்டும் என்று போனை வைக்காமல் பிடித்திருந்தேன்.